கூருக்குக் கொடுக்கும் விலை

ஒசாகாவுக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் ஊர் சக்காய். அங்குள்ள கொல்லுப்பட்டறைகளில் கத்திக்குத் தோய்ச்சல் வைக்கும் வேளையில் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவார்கள். உலையில் கிடக்கும் எஃகின் நிறத்தைக் கண்ணாலேயே அளந்தாக வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு மங்கித் தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்துக் கூடுதலாகக் காய்ச்சிவிட நேரும். கொல்லர் காத்திருப்பது 780 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு நிறத்துக்கு. வெப்பம் மிஞ்சினால் எஃகின் உள்மணிகள் பருத்துக் கத்தி எளிதில் முறியும். குறைந்தால் கூர் நிற்காது. நிறம் வந்ததும் இடுக்கியோடு அலகை எடுத்து, ஒரே வீச்சில் தண்ணீருக்குள் செருகுகிறார். சில விநாடிகளில் கத்தியின் குணம் முடிவாகிவிடுகிறது.

உலையில் வைக்கும் முன்பே அலகின் மேல் கரைத்த களிமண்ணை மெல்லிசாகப் பூசிக் காயவைத்திருப்பார்கள். இந்தப் பூச்சு அழகான ஒரு வேலையைச் செய்கிறது. பழுக்கக் காய்ந்த உலோகத்தைத் தண்ணீரில் விட்டால் முதலில் அதைச் சுற்றி நீராவிப் போர்வை ஒன்று உருவாகும். ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. போர்வை கிழிகிற இடம் சட்டென்று குளிர, கிழியாத இடம் மெதுவாகக் குளிரும். களிமண்ணின் சொரசொரப்பு அந்தப் போர்வையை நிலைக்க விடாமல் உடைத்துவிடுகிறது. அலகு முழுக்க வேகமாகவும் சீராகவும் ஆறுகிறது. ஆவி வெப்பத்தைத் தடுக்கும் இயற்பியலை யாரும் எழுதிவைப்பதற்கு வெகுகாலம் முன்பே கொல்லர்கள் இதைக் கையறிவாக வைத்திருந்தார்கள்.

அந்தச் சில விநாடிகளில் கத்திக்கு அசாதாரணமான கடினம் கிடைக்கிறது. கூடவே நொறுங்கும் குணமும் வந்து சேர்கிறது. ஜப்பானியக் கைவினைக் கத்தியை எப்படிப் பிடிப்பது, எதில் வெட்டுவது, எப்படித் தீட்டுவது என்று சொல்லப்படும் விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு பேரத்திலிருந்து பிறந்தவை. பேரம் புரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் கனசதுரக் கூடுகளாக அடுக்கப்பட்டிருக்கும்: எட்டு மூலைகளிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. இந்த அடுக்கில் கார்பன் அணுவுக்கு இடம் இல்லை என்றே சொல்லிவிடலாம், அதிகபட்சம் 0.02 சதவீதம்தான் கரையும். 727 டிகிரியைத் தாண்டியதும் எஃகு தன் அடுக்கை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. நடுவில் இருந்த அணு இடம் மாறி, கூட்டின் ஒவ்வொரு முகத்தின் மையத்திலும் அணுக்கள் வந்து அமைகின்றன. இந்தப் புது அடுக்கின் இடைவெளிகள் பெரியவை. கார்பன் அதில் தாராளமாகக் கரைகிறது.

இனி எல்லாமே ஆறும் வேகத்தைப் பொறுத்தது. எஃகை மெல்ல ஆறவிட்டால் அடுக்கு பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது கார்பன் நிதானமாக வெளியேறி, இரும்போடு கூடி இரும்புக் கார்பைடாக ஒதுங்கிவிடும். அப்படி ஆறிய எஃகை அரம் போட்டு ராவலாம், சுத்தியால் அடித்து வளைக்கலாம். தண்ணீரில் சட்டென்று குளிர்த்தாலோ கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அடுக்கு மாறுகிறது, கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கனசதுரமாக இருக்க வேண்டிய கூடு ஒரு திசையில் நீண்டு, விறைத்து நின்றுவிடுகிறது. ஜெர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் இந்த அமைப்பை மார்ட்டென்சைட் என்கிறோம். ஒரு உலோகம் வளைய வேண்டுமானால் அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். மார்ட்டென்சைட்டில் அந்த வழுக்கல் தடைபட்டுப்போகிறது. அதனால்தான் அது அத்தனை கடினம். வளைந்துகொடுக்க வழியில்லாததால் விசை மிஞ்சும்போது உடைகிறது.

மார்ட்டென்சைட் பழைய அடுக்கைவிடக் கொஞ்சம் அதிக இடத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீருக்குள் அலகு உப்பி, முறுக்கிக்கொள்கிறது. சில அலகுகள் அங்கேயே விரிசல் விடும். பல நாள் உழைப்பு அந்த ஒரு சின்ன ஓசையோடு போய்விடும். தப்பிப் பிழைத்ததை 150 முதல் 200 டிகிரி வரை மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்குகிறார்கள். மாட்டிக்கொண்ட கார்பனில் ஒரு சிறு பங்கு வெளியேறி, உள் இறுக்கம் தளர்கிறது. பழைய கொல்லர்கள் அலகின் மேல் நீர்த்துளியை விட்டு, அது எப்படித் துள்ளி ஆவியாகிறது என்று பார்த்தே இந்தப் பதத்தைக் கணிப்பார்கள்.

வைரக் கூம்பு ஒன்றை அழுத்தி அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது ராக்வெல் சி அளவுகோல். ஐரோப்பிய சமையல் கத்திகள் பெரும்பாலும் அதில் 54 முதல் 58 வரை காட்டும். நல்ல ஜப்பானியக் கத்தி 60 முதல் 65 வரை போகும். எண்ணில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் கூர் விளிம்பை எவ்வளவு ஒல்லியாகத் தேய்க்கலாம் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. மென்மையான எஃகை ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வில் தீட்டினால் விளிம்பு மடங்கிவிடும். 20 டிகிரிக்குப் போக வேண்டும். கடின எஃகு 15 டிகிரியைத் தாங்கும், சில கத்திகள் அதற்கும் கீழே போகும். விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே 20 டிகிரிக் கத்தியின் கனம் 0.73 மி.மீ. என்றால், 15 டிகிரிக் கத்தியின் கனம் 0.54 மி.மீ. தக்காளிக்குள் நுழையும்போது கை உணர்கிற வேறுபாடு இதுதான்.

கைவினைக் கத்திகளுக்கான எஃகில் பெரும் புகழ் பெற்றது ஷிமானே மாகாணத்தின் யசுகி ஊரில் உருவாவது. சுற்றிவைக்கும் தாளின் நிறத்தை வைத்தே அதை வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று அழைக்கிறார்கள். ஜப்பானியில் ஷிரோகமி, அவோகமி. இரண்டாம் எண் வெள்ளைத்தாள் எஃகில் 1.05 முதல் 1.15 சதவீதம் கார்பன் உண்டு. மற்றபடி ஏறக்குறைய வெறும் இரும்பு. கந்தகமும் பாஸ்பரசும் மிகக் குறைவு. தீட்டுவது சுலபம், கிடைக்கும் கூர் அபாரம். நீலத்தாளில் அதோடு கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்கின்றன. அவை கார்பனோடு கூடி மிகக் கடினமான துகள்களாக எஃகுக்குள் சிதறி நின்று தேய்மானத்தைத் தடுக்கின்றன. கூர் நீண்ட நாள் தங்கும். தீட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல் பாடு. இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் ஓய்வதில்லை. என்னைக் கேட்டால், தீட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு வெள்ளைத்தாள்தான் நல்ல வாத்தியார். கை செய்வதை உடனே காட்டிக்கொடுக்கும்.

இந்த எஃகின் பின்னால் ஒரு நெடிய மரபு இருக்கிறது. ஷிமானேயின் மலைகளில் இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு ஊதி எஃகு எடுத்தார்கள். தத்தாரா எனப்படும் அந்த உலைமுறை, வாள் செய்யும் எஃகுக்காக 1977-ல் ஒகுயிசுமோவில் மறுபடி தொடங்கி, இன்றும் நடக்கிறது. இன்றைய சமையல் கத்திகளில் மிகப் பெரும்பாலானவை தத்தாரா எஃகில் செய்யப்படுவதில்லை. நவீன ஆலையில் உருக்கிய எஃகுதான். விற்பனைக் கதைகளைக் கேட்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

அலகு முழுவதையும் கடின எஃகால் செய்து தோய்ச்சல் வைத்த கத்திகளும் உண்டு. ஹொன்யாக்கி என்ற அந்த வகைக்கு விலை மிக அதிகம். செய்யும்போது உடைவதும் அதிகம். மற்றவை பெரும்பாலும் ஒட்டுக் கத்திகள். மென்மையான இரும்புப் பட்டையின் மேல் போராக்ஸ் கலந்த பொடியைத் தூவி, எஃகுத் துண்டை வைத்து, உலையில் காய்ச்சிச் சுத்தியால் அடித்து ஒன்றாக்குகிறார்கள். போராக்ஸ் உருகி, மேல்படிந்த ஆக்சைடைக் கரைத்து வெளியே தள்ளிவிடும். சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். மென்னிரும்பில் கார்பன் ஏறக்குறைய இல்லாததால் அது தோய்ச்சலில் கடினமாவதில்லை. விளிம்பில் எஃகு கூரைத் தருகிறது, முதுகில் இரும்பு அதிர்ச்சியைத் தாங்குகிறது. பேரத்தின் விலையைக் குறைக்கும் தந்திரம் இது.

சக்காயில் இந்த வேலைகளை ஒருவரே செய்வதில்லை. அடிப்பவர் ஒருவர், சாணை பிடித்துக் கூர் ஏற்றுபவர் வேறொருவர், மக்னோலியா மரத்துப் பிடியில் எருமைக் கொம்புப் பூண் போட்டு மாட்டுபவர் இன்னொருவர். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரோடு புகையிலை ஜப்பானுக்கு வந்தது. புகையிலை இலையை மயிரிழையாக நறுக்கும் கத்திக்குச் சக்காய் பெயர்பெற்றது. தொக்குகாவா ஆட்சி அதற்குத் தரமுத்திரை வழங்கியது. சமையல் கத்திகளுக்கான பெயரும் அந்த எடோ காலத்திலேயே வளர்ந்தது. 1876-ல் பொது இடங்களில் வாள் அணிவதை அரசு தடைசெய்தபோது வாள் செய்த பலர் சமையல் கத்திக்கும் வேளாண் கருவிக்கும் திரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால் ஜப்பானியச் சமையல் கத்தி எல்லாமே சாமுராய் வாளின் வாரிசு என்பது மிகை. புகையிலையும் மீனும் அதன் வரலாற்றில் வாளுக்குக் குறையாத பங்கு வகித்திருக்கின்றன. எச்சிசென் பகுதியில் அதே இடத்தை வயலில் அறுக்கும் அரிவாள் பெறுகிறது.

மீன் கத்தியான யனகிபாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலகு நீண்டு ஒல்லியாக இருக்கும். பொதுவாக 27 அல்லது 30 செ.மீ. சாய்வு ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கத்தைத் தடவினால் தட்டையாகத்தான் தோன்றும். விளக்கொளியில் சாய்த்தால்தான் அது மெல்லிய குழிவு என்று தெரியும். அந்தக் குழிவு காரணமாக மீன்சதை அலகில் அப்பிக்கொள்வதில்லை. தீட்டும்போதும் விளிம்பை ஒட்டிய நூலிழைப் பட்டை மட்டுமே கல்லைத் தொடும். இதைக் கொண்டு சமையல்காரர் மீனை அழுத்துவதில்லை. குதியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. துண்டு தானாகச் சாய்கிறது.

அழுத்துவதைவிட இழுப்பது ஏன் சுலபமாக வெட்டுகிறது? அரிவாள்மணையில் காய் நறுக்கியவர்களுக்கு இது கைப்பழக்கம். இயற்பியல் விடை அண்மையில்தான் தெளிவானது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, ஹார்வர்டில் பணியாற்றும் எல். மகாதேவனும் சக ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் அகர் கூழ்க்கட்டியை மெல்லிய கம்பியால் வெட்டிப் பார்த்தார்கள். நேராக அழுத்தினால் கூழ் முழுக்க உள்வாங்கி அமுங்கிய பிறகே பிளவு தொடங்கியது. பக்கவாட்டில் இழுத்தபோது, மிகக் குறைந்த அமுக்கத்திலேயே பிளவு தொடங்கியது. பிளவைத் தொடங்கிவைப்பது இழுப்பு விசை. அமுக்கம் மிச்சப்படுவதால் பொருள் நசுங்குவதில்லை. பச்சை மீனில் நசுங்காத செல் என்றால் சாறு உள்ளேயே நிற்கும், வெட்டிய முகம் கண்ணாடிபோல் பளபளக்கும்.

வெங்காயத்திலும் இதே கதைதான். செல் உடையும்போது தனித்தனியாக இருந்த நொதிகளும் கந்தகச் சேர்மங்களும் கலந்து, கண்ணைக் கரிக்கும் வாயு உருவாகிறது. அந்த வாயுவை உண்டாக்கும் தனி நொதியை 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். கூரான கத்தி குறைந்த செல்களையே சேதப்படுத்தும். கண்ணீரும் அந்த அளவுக்குக் குறையும்.

கூர் ஏன் போகிறது என்பது இன்னும் சுவாரசியமானது. மனித மயிர் எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. இருந்தும் சவரக் கத்தி மழுங்குகிறது. 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே மயிரை வெட்டவைத்துப் பார்த்தார்கள். விளிம்பு சீராகத் தேயவில்லை. சில இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்திருந்தன. மயிர் சாய்ந்து விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளும்போது, மார்ட்டென்சைட்டின் கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் சந்திக்கும் இடத்தில் சில்லு தெறித்தது. எஃகு உள்ளுக்குள் எவ்வளவு ஒரே சீராக இருக்கிறதோ அவ்வளவு நாள் கூர் நிற்கும்.

மயிருக்கே அந்தக் கதி என்றால் எலும்புக்கும் தேங்காய் ஓட்டுக்கும் சொல்லவே வேண்டாம். பக்கவாட்டு விசைதான் கடினக் கத்தியின் எமன். பூசணிக்குள் செருகிய கத்தியை நெம்பாதீர்கள். உறைந்த இறைச்சியில் இறக்காதீர்கள். நறுக்கிய காயைப் பலகையிலிருந்து கூர்ப்பக்கத்தால் வழிக்காமல், கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். கண்ணாடி, கிரானைட், பீங்கான் எதன் மேலும் வெட்டக் கூடாது. மரப்பலகை வேண்டும், அதிலும் ஹினோக்கி போன்ற மென்மரம் உத்தமம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கத்தி மற்ற பாத்திரங்களோடு மோதும், பிடியும் ஊறிக் கெடும். தேங்காய் உடைக்கவும் மீன் தலை பிளக்கவும் வீட்டில் இருக்கும் கனத்த கத்தியே போதும். கனத்த விளிம்பும் மென்மையான எஃகும் அந்த வேலைக்காகவே இருப்பவை.

துருவைப் பற்றிப் பலரும் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். வெள்ளைத்தாள், நீலத்தாள் எஃகு துருப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் துரு பிடிக்கத் தண்ணீர் அதன்மேல் தங்க வேண்டும். உப்பும் புளிப்பும் அதை விரைவாக்கும். எலுமிச்சை அறுத்தால் அப்போதே கழுவி, துணியால் துடைத்து, உலர வைத்துவிட்டால் போதும். காரியம் அரை நிமிடம். சில வாரங்கள் வெங்காயமும் இறைச்சியும் நறுக்கிய அலகில் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் படரும். அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம். அலகோடு இறுகப் பிடித்திருக்கும் அந்தப் படலம், நீரும் ஆக்சிஜனும் இரும்பைத் தொடுவதைக் குறைக்கிறது. செந்துரு வேறு ரகம். பொரிந்து உதிரும், அடியில் இருப்பதையும் அரிக்கும். கண்டால் உடனே எடுத்துவிட வேண்டும். நாள்கணக்கில் எடுக்காமல் வைக்கும் கத்திக்குக் காமெலியா எண்ணெயை மெல்லிசாகத் தடவுவது ஜப்பானிய வழக்கம்.

இந்த அக்கறைக்கு நேரமில்லை என்பவர்கள் குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல் சேர்ந்த துருவேறா எஃகை எடுத்துக்கொள்ளலாம். ஃபுக்குயி மாகாணத்தின் தக்கேஃபுவில் உருவான விஜி-10 இதற்கு நல்ல உதாரணம். மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடின் கண்ணுக்குத் தெரியாத படலம் இரும்பைக் காக்கும்.

அந்த வகைக் கத்திகள் பலவற்றின் பக்கவாட்டில் அலை அலையாகக் கோலம் இருக்கும். டமாஸ்கஸ் என்று பெயரிட்டு விற்கிறார்கள். பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலம் எஃகின் உள்ளிருந்தே வந்தது. கார்பைடு துகள்கள் வரிசையாகப் படிந்ததால் தோன்றிய வரிகள் அவை. அந்த வாள்களுக்குப் பேர்போன மூல எஃகு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசையில் உருக்கி ஏற்றுமதியான உருக்கு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது மூசைகளும் உலைகளும் வெளிப்பட்டிருக்கின்றன. இன்றைய கத்தியின் கோலம், இரு வேறு உலோகத் தகடுகளை அடுக்கி ஒட்டி, அமிலத்தில் அரித்து எடுத்தது. பார்க்க அழகுதான். ஆனால் வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு; கோலத்துக்கும் கூருக்கும் சம்பந்தமில்லை.

இனித் தீட்டுவது. தேவை ஆயிரம் எண் நீர்க்கல் ஒன்று. அதன் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. கியோத்தோ மலைகளில் எடுத்த இயற்கைக் கற்கள், பழங்காலக் கடலடியில் மெல்லப் படிந்த நுண் சிலிக்காச் சேறு இறுகிப் பாறையானவை. சுரங்கங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன, விலையும் உச்சத்தில். செயற்கைக் கல்லே போதும். நுண்துளைக் கல்லைக் குமிழி அடங்கும்வரை தண்ணீரில் ஊறவையுங்கள். 45 மி.மீ. அகல அலகு என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. உயர்ந்திருந்தால் 15 டிகிரி கிடைக்கும். அந்த உயரம் மாறாமல் தள்ளி இழுங்கள். கல்லில் ஊறும் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அதுவும் தேய்க்கிறது. சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் விரல்நுனியை முதுகிலிருந்து வெளிநோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். குதி முதல் நுனி வரை பிசிறு வந்துவிட்டால் இந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிப் போடுங்கள். கடைசியில் மிக மெல்லிய அழுத்தத்தில் பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடுத்துவிட வேண்டும். பிசிறு நின்றால் முதல் வெங்காயத்திலேயே அது மடங்கி, கூர் போனதுபோல் ஆகிவிடும். கல்லும் நடுவில் குழியும், அவ்வப்போது சமன்படுத்துங்கள். பிளவுக்குள் கத்தியை விட்டு இழுக்கும் மலிவான கருவிகளை இந்தக் கத்திகளுக்குப் பயன்படுத்தவே கூடாது; 62 கடினமுள்ள விளிம்பை அவை பெயர்த்தெறிந்துவிடும்.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று. சக்காய்க் கத்தியில் பொறித்திருக்கும் பெயர் பல நேரம் விற்பனை நிறுவனத்துடையது. அடித்தவர் யார், சாணை பிடித்தவர் யார் என்று கேட்டு அறிந்து வாங்குவது அந்தக் கைகளுக்குச் செய்யும் மரியாதை. அலமாரியில் பூட்டிய யனகிபாவைவிட, தினம் காய் நறுக்கித் தீட்டித் தீட்டி அகலம் குறைந்த நகிரி என்ற காய்கறிக் கத்தியே நல்ல சேகரிப்பு என்பேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இருபக்கச் சாய்வுள்ள சந்தோக்கு என்ற பொதுக் கத்தி, அல்லது கியூத்தோ என்ற 21 செ.மீ. சமையல்காரர் கத்தி போதும். ஒருபக்கச் சாய்வுக் கத்திகள் கை பழகிய பிறகு வரட்டும். கத்தி வாங்கும்போதே கல்லையும் வாங்கிவிடுங்கள். கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கல்லை வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கத்தியைத் தீட்டிப் பழகுங்கள்.